இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் உறவுக்காரர்கள் இதை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கும் வாய் இருந்தது. அதற்குள் வார்த்தைகளும் வேண்டிய மட்டும் இருந்தன. என்ன, வாசல்வரை வந்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும். முதல் எழுத்து மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும், உள்ளே போகும், மறுபடி எட்டிப் பார்க்கும். திக்குவாய் என்பது இவ்வளவுதான்.

கேலி செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே அது பழகிவிட்டது, திருப்பி அடிக்கவும் கற்றுக்கொண்டேன். என் கோபமெல்லாம் நல்லவர்கள் மேல்தான். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியதும், ஐயோ பாவம் என்று பாய்ந்து வந்து முடித்துவைக்கிறார்களே, அந்த முந்திரிக்கொட்டைகள் மேல். அவர்களை அடிக்கவும் முடியாது. நன்றி வேறு சொல்லவேண்டும், அதுவும் திக்காமல்.

நாங்கள் குடியிருந்தது ஹைதராபாத்தில், குஷாய்குடாவில். கம்ப்யூட்டர் வகுப்புக்கு நான் மல்லாபூருக்குப் போகவேண்டும். பஸ்ஸில் ஏறி "ம" என்று தொடங்குவேன். கண்டக்டர் தங்கமான மனுஷன். "மௌலாலி?" என்பார். நான் தலையாட்டி மறுப்பதற்குள் "மல்காஜ்கிரி?" என்பார். பின்சீட்டிலிருந்து யாராவது "மேட்சலாக இருக்கும்" என்று எடுத்துக்கொடுப்பார்கள். ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசியில் ஏதோ ஒரு டிக்கெட்டைக் கிழித்து என் கையில் திணித்துவிட்டு, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு அவர் நகர்ந்துவிடுவார். பாதி நாள் நான் நடந்தே போனேன்.

வீட்டில் அம்மா. அப்பா அங்கிருந்த மின்னணு ஆலையில் வேலை கிடைத்துத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மாவும் கூடவே வந்தாள், தன் பேச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். "அவன் என்ன சொல்ல வாரான்னா" என்று அம்மா ஆரம்பிப்பதுதான் என் சிறுவயதின் பின்னணிப் பாட்டு. கடைக்காரரிடம், டாக்டரிடம், வகுப்பு டீச்சரிடம், எல்லா இடத்திலும் நான் ஒரு எழுத்து, மீதியெல்லாம் அம்மா. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. தப்பாக முடித்துவைப்பவரை மன்னித்துவிடலாம். சரியாக முடித்துவைப்பவரை என்ன செய்வது?

வேலை கிடைத்தது எழுத்துத் தேர்வால். பேகம்பேட்டையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் கம்பெனி அது. ஹைதராபாத்தில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு மென்பொருள் கம்பெனி. நேர்முகத் தேர்வில் என்னைப் பார்த்த மேனேஜர் உள்ளூர்த் தெலுங்குக்காரர். நான் திணறியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டென்ஷன் நக்கோ", டென்ஷன் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, விடையை எழுதச் சொன்னார். எழுதினேன். மறுவாரமே சேரச் சொல்லிவிட்டார்கள். அதற்காக இன்றைக்கும் அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், பின்னால் எவ்வளவு கோபப்படுத்தினாலும்.

எனக்குக் கொடுத்த வேலை இது. அமெரிக்காவில் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். கடைகள் நாள் முழுக்கத் துண்டு துண்டாக ஆர்டர் போடும். காலையில் பத்து அட்டைப்பெட்டி, மத்தியானம் நினைவு வந்து இன்னும் இரண்டு. அதையெல்லாம் கடைவாரியாகச் சேர்த்து, ஒரே ஆர்டராக்கி, கிடங்குக்கு அனுப்பவேண்டும். அதைச் செய்கிற பகுதி முழுவதையும் நான்தான் எழுதினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என் கை. அது ஓடத் தொடங்கியபின் எங்கே வலித்தாலும் எனக்குத் தெரியும்.

ஆனால் தினமும் சாயங்காலம் ஒரு கான்ஃபரன்ஸ் கால் உண்டு. நமக்கு ஏழு மணி, அவர்களுக்குக் காலை. மேசை நடுவில் ஸ்பீக்கர் போன். அந்தப் பக்கம் கிடங்கின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாள், அவருக்கு உதவியாக ஓர் ஆள். இந்தப் பக்கம் மேனேஜர், நான், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண். அவர் சைனிக்புரியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். என்னைவிட ஒரு வருஷம் மூத்த ஊழியர். என் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்வது அவர்தான். நான் காதருகில் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் போதும். "அட, அதுதானுங்களே, புரிஞ்சுது" என்று போனைப் பார்த்துத் திரும்பி, என் வாக்கியத்தைத் தன் வேகத்தில் முடித்துவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு தங்கை பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தது போல.

கான்ஃபரன்ஸ் கால் நடக்கும்போதே எல்லோரும் ஒரு சாட் அறையிலும் இருப்போம். பிழைச் செய்திகளை அங்கே ஒட்டிக் காட்டுவதற்காக வைத்த அறை. அங்கேயாவது நான் பேசலாம் என்று நினைத்தேன். விரல் திக்காது இல்லையா? திக்கியது. அதுதான் வேடிக்கை. இரண்டு வார்த்தை தட்டுவேன், உடனே என்டர் அடிப்பேன். இன்னும் இரண்டு வார்த்தை, என்டர். முழு வாக்கியத்தைத் தட்டிமுடிக்கும்வரை காத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் தொடங்கிவிட்டேன் என்பது எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் என் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்கிற பயம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி வார்த்தையைப் போட்டு இடம் பிடித்தேன். ஆனால் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருகிற ஜனம்தானே நாம்.

ஒருநாள் அதுதான் நடந்தது. "அந்த ஃபைல்" என்று போட்டேன். "தப்பான தேதியோடு" என்று போட்டேன். அடுத்தது தட்டுவதற்குள் அந்தப் பக்கத்து அம்மாள், சாயங்கால வேளையில் உங்களையெல்லாம் தொந்தரவு செய்கிறோமோ என்று மரியாதைக்குக் கேட்டு எழுதினார். அதற்குக் கீழே வந்து விழுந்தது என் மூன்றாவது துண்டு: "தினமும்". எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

கால் முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாடிக்கையாளர் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் கேட்கிறார்களாம். கேள்வி வந்தால் பொறுப்பாளரே நேராகப் பதில் சொல்லவேண்டுமாம். "வாயாலோ எழுத்தாலோ, எப்படியோ, அவர்களுக்குப் புரிகிற மாதிரி நீ சொல்லவேண்டும். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் அந்தப் பகுதியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். உனக்கு வேறு வேலை தருகிறேன், வேலை போகாது" என்றார். வேலை போகாது என்பதை இரண்டு தரம் சொன்னார். நான் பெற்ற பிள்ளையை யாரோ பேசத்தெரிந்தவர்களுக்குத் தத்துக் கொடுப்பேன் என்கிறார். என் பிள்ளை என்னிடம்தான் இருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "புரிகிறது, வருத்தமாகத்தான் இருக்கும்" என்று அதையும் அவரே முடித்துவைத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது கோபத்தில் ஒரு யோசனை வந்தது. எனக்கு நல்ல யோசனைகள் கோபத்தில்தான் வரும். ஊரிலுள்ள கடைகளெல்லாம் துண்டு துண்டாகப் போடுகிற ஆர்டரைச் சேர்த்து ஒன்றாக்கி அனுப்பத் தெரிந்தவன், தன் துண்டு வார்த்தைகளைச் சேர்த்து அனுப்ப மாட்டானா?

நாங்கள் பயன்படுத்திய சாட் மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுத வசதி இருந்தது. இன்னது வந்தால் இன்னது செய் என்று அதற்குக் கட்டளை எழுதி வைக்கலாம். நான் எனக்கென்று ஒரு தனி அறை திறந்தேன். அதில் நானும், இன்னொரு பெயரில் நுழைந்து உட்கார்ந்திருக்கும் என் ஸ்கிரிப்டும் மட்டும். நான் அங்கே என் இஷ்டத்துக்குத் துண்டு துண்டாகத் தட்டுவேன். ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்துக்கொள்ளும். நான்கு விநாடி நான் எதுவும் தட்டவில்லை என்றால், பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, எல்லாத் துண்டையும் வரிசையாகக் கோர்த்து, ஒரே செய்தியாகப் பெரிய அறையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு எடுபிடி என்று பெயர் வைத்தேன்.

முதல் நாள் எடுபிடி என் செய்தியை ஏந்திக்கொண்டு போய் அந்த அறையில் வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நடுவில் யாரும் புகாத, வெட்டுப்படாத, என் முழு வாக்கியம். அதைப் படித்து அந்தப் பக்கத்து அம்மாள் பதில் எழுதினார். நான் மறுபடி துண்டு துண்டாகத் தட்டினேன், அது மறுபடி முழுசாகப் போனது. கோயம்புத்தூர்ப் பெண் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது யாருங்க உங்களுக்குப் பதிலா பேசறது?" என்றார். எனக்குப் பதிலாக யாரும் பேசவில்லை, நான்தான் பேசுகிறேன் என்று சொல்ல நினைத்து, தட்டிக் காட்டினேன்.

இந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. பிறகு ஒரு சாயங்காலம், கிடங்கின் ஒரு கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். "அதை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள்" என்று தட்டினேன். அடுத்த துண்டு "உங்கள் ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு" என்று வரவேண்டும். அவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று சரிபார்க்க ஒரு பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான். எடுபிடி நான்கு விநாடி பார்த்தது. பேச்சு முடிந்தது என்று பாதியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அந்த அம்மாளும் சொன்னதைச் செய்தார். காலை நேரம், கிடங்கு முழுக்க ஆட்கள் தட்டிக்கொண்டிருந்த ஆர்டர்கள் பாதியில் போய்விட்டன. ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் எழுந்த கூச்சலை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

மேனேஜர் கத்தவில்லை. "இந்த வாரம் முடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அலுவலகத்தில் காபி கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

வீட்டுக்குப் போய் அந்த ஸ்கிரிப்டைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நான்கு விநாடி என்று யார் சொன்னார்கள்? நான்தான் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்த நான்கு? கண்டக்டர் எனக்குக் கொடுத்ததும் அவ்வளவுதான், அந்தப் பெண் கொடுப்பதும் அவ்வளவுதான், அம்மா கொடுப்பது அதைவிடக் குறைவு. உலகம் எனக்கு அளந்த படியையே நானும் எடுத்து எனக்கு அளந்திருக்கிறேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக யாரும் காத்திருப்பதில்லை என்று பொருமியவன், முதல்முறையாகத் தனக்கென்று ஓர் எடுபிடியைப் படைத்து, அதையும் முந்திரிக்கொட்டையாகவே படைத்திருக்கிறான். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் கடிகாரத்தை ஸ்கிரிப்டிலிருந்து பிடுங்கி எறிந்தேன்.

புது எடுபிடிக்கு இரண்டே சட்டம். ஒன்று, நான் தனியாக ஒரு புள்ளி வைக்கும்வரை அது நகரக் கூடாது. ஐந்து நிமிஷம் ஆனாலும் சரி, நான் டீ குடித்துவிட்டு வந்தாலும் சரி, புள்ளி வந்தால்தான் பேச்சு முடிந்தது. இரண்டு, நான் முதல் துண்டைத் தட்டிய உடனே அது பெரிய அறைக்குப் போய் என் சார்பில் ஒரு வரி போடவேண்டும்: "இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து காத்திருங்கள்." இங்கிலீஷில்தான் எழுதினேன், ஆனால் எழுதும்போது மனசுக்குள் அது தமிழில் ஓடியது. இந்த ஒரு வரியை என் வாழ்க்கையில் யாரும் எனக்காகச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

மறுநாள் கான்ஃபரன்ஸ் காலின்போது அந்த வரி போனது. அந்தப் பக்கம் யாரும் எழுதவில்லை. நான் துண்டு துண்டாகத் தட்டினேன். நடுவில் நிறுத்தி, ஒரு எண்ணைச் சரிபார்த்து, தண்ணீர் குடித்து, மறுபடி தட்டினேன். அறை அப்படியே காத்திருந்தது. புள்ளி வைத்தேன். முந்தின நாள் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இழந்த ஆர்டர்களை எங்கிருந்து மீட்கலாம் என்பதெல்லாம் ஒரே பத்தியாகப் போய் இறங்கியது. அவர்கள் மீட்டார்கள். அந்த அம்மாள் ஸ்பீக்கரில், இவ்வளவு தெளிவாக யாரும் தனக்கு விளக்கியதில்லை, இதை எழுதியவர் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். போனுக்கு என் கை எப்படித் தெரியும்? மேனேஜர்தான் பார்த்துச் சிரித்துவிட்டு என்னைச் சொன்னார்.

கர்வம் தலைக்கு ஏறிவிட்டது, மறைப்பானேன். அடுத்த சில நாட்களில் அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் எடுபிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் திக்கல் இல்லை. இங்கிலீஷில் எழுத யோசிக்க வேண்டியிருந்தது, நடுவில் யாராவது புகுந்தால் எழுத வந்தது மறந்துபோனது. ஊனத்துக்கு ஊன்றுகோல் செய்தேன் என்று நினைத்தால், காலுள்ளவர்களும் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தது, மேனேஜர் எதையும் பார்க்கவில்லை. "மாதக் கடைசிவரை இப்படியே போகட்டும்" என்றார்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள், பேகம்பேட்டையில் சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். ஹைதராபாத்தில் அந்தக் காலத்தில் பாலமும் சாலையும் வளர்ந்த வேகத்தில் கேபிள் அறுவது மழைக்கு ஜலதோஷம் பிடிப்பது மாதிரி. சாட் இல்லை. எடுபிடி இல்லை. போன் மட்டும் உயிரோடு இருந்தது. ஏழு மணிக்கு அது அடித்தது.

அந்தப் பக்கத்து அம்மாளின் குரலிலேயே பதற்றம் தெரிந்தது. ஆர்டர் சேர்க்கும் பகுதி பாதியில் நின்றுவிட்டது. கிடங்கு வாசலில் லாரிகள் நிற்கின்றன, எதில் எதை ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கே நின்றது என்று அவர் படித்துக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கடையின் ஆர்டர் கோணலாக வந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கடையை மட்டும் ஒதுக்கிவைத்து, நின்ற இடத்திலிருந்து ஓட்டவேண்டும். முதலிலிருந்து ஓட்டினால், ஏற்கெனவே போன ஆர்டர்களெல்லாம் இரண்டாம் தரமும் போகும். பாதி அமெரிக்காவுக்கு இரட்டை மருந்து.

"எழுதிக் கொடு, இவள் படிக்கட்டும்" என்றார் மேனேஜர். தாளை எடுத்து வேகமாக எழுதினேன். அந்தப் பெண் என் தோளுக்கு மேலே குனிந்து படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். கடையை ஒதுக்குவது வரைக்கும் சரியாகப் போனது. "திரும்ப ஓட்டுங்கள்" என்று எழுதி, அடுத்த வார்த்தைக்குப் பேனா போவதற்குள் அவர் போனைப் பார்த்து, "திரும்ப ஓட்டுங்கள், முதலிலிருந்து" என்றார்.

அந்தப் பத்தாவது தடவை வந்துவிட்டது.

நான் மேசையில் அடித்தேன். "நோ" என்றேன். அந்த ஒரு வார்த்தை திக்காமல் வந்தது, எனக்கே ஆச்சரியம். ஸ்பீக்கரில், "யார் அது?" என்றார் அந்த அம்மாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். தாளில் எழுதி இனி யாரையும் நம்பி இதை ஒப்படைக்க முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"நின்ற" என்பதை இங்கிலீஷில் தொடங்கினேன். முதல் எழுத்து எட்டிப் பார்த்தது, உள்ளே போனது. மறுபடி. மறுபடி. காது சூடாகிவிட்டது. மேனேஜரின் கை போனை நோக்கி வந்தது. அந்தப் பக்கத்திலிருந்த உதவியாள், "நிறுத்திவிடச் சொல்கிறீர்களா?" என்று பாய்ந்தார். உலகம் முழுக்க முந்திரிக்கொட்டை விளைகிறது.

அப்போது கோயம்புத்தூர்ப் பெண் மேனேஜரின் கையைத் தடுத்து, போனைப் பார்த்து, அதே வார்த்தைகளை, எடுபிடி எழுதுகிற அதே இங்கிலீஷில் சொன்னார்: "ஹி இஸ் ஸ்டில் ஸ்பீக்கிங். ப்ளீஸ் வெயிட்."

ஸ்பீக்கர் அமைதியானது. "சரி, காத்திருக்கிறோம்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு அழுகை வந்தது. அதற்கு நேரமில்லை. பேசினேன். நின்ற இடத்திலிருந்து என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனதோ, தெரியாது. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது, ஒவ்வொன்றும் செருப்பைத் தேடி, மாட்டிக்கொண்டு, வந்தது. நான் ஓர் அடி சொல்ல, அவர்கள் செய்து, திரையில் தெரிவதைப் படித்துக் காட்ட, நான் அடுத்ததைச் சொன்னேன். ஓரிடத்தில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. யோசிக்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். அந்த அமைதியில் ஒருவரும் புகவில்லை. அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் கோர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து ஏதும் நழுவிவிடாமல் இருக்க அவர் பட்ட பாடு என் பாட்டுக்குக் குறைந்ததில்லை.

எல்லாம் சொல்லி முடித்தபின் பழக்கதோஷத்தில் "டாட்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில், ஓடுகிறது, ஆர்டர்கள் வருகின்றன, இரண்டாம் தரம் எதுவும் போகவில்லை என்று குரல் கேட்டது. பின்னால் யாரோ லாரி டிரைவர்களைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் போனை வைக்குமுன், "இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் நீங்கள்தானே?" என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல மேனேஜர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் "யெஸ்" என்றேன். அது வர நேரமாயிற்று. காத்திருந்தார்கள்.

வெளியே வரும்போது அந்தப் பெண் மாடிப்படியில் நின்றார். "முதலிலிருந்துன்னு நானா சொல்லிட்டனுங்க. பத்து நாள் சரியாச் சொன்னா பதினோராவது நாளும் சரியா இருக்கும்னு ஒரு நெனப்புங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்லத் தொடங்கினேன். "ப" நின்றுவிட்டது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, தனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற எண்ணமே இல்லாதவர் போல முழு வார்த்தையும் வரும்வரை நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னய்யா, முகமெல்லாம் இப்படி இருக்கு?" என்றாள். "இ-இன்னைக்கு" என்று தொடங்கினேன்.

"இன்னைக்கு வேல சாஸ்தியா? அந்த மேனேசர் ஏசிட்டானா?"

இல்லை என்று தலையாட்டினேன். "ஆ-ஆபீஸ்ல"

"ஆபீஸ்ல சண்டையா? அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ள ஏதும்..."

கையைத் தூக்கினேன். "அம்மா" என்றேன். "நான் இன்னும் பேசிட்டிருக்கேன்."

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தில் முதலில் வருத்தம் வந்தது, பிறகு பயம், பிறகு என்னவென்றே தெரியாத ஒன்று. அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். சமையலறை வாசலில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். கேபிள் அறுந்ததிலிருந்து ஆரம்பித்து, லாரி, கோணல் ஆர்டர், நான் மேசையில் அடித்தது, அந்தப் பெண் சொன்னது, காத்திருக்கிறோம் என்று அமெரிக்காவிலிருந்து வந்த குரல், எல்லாவற்றையும். அவள் உதடு எத்தனையோ தடவை அசைந்தது. எனக்காக ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வந்து வந்து, திரும்பக் கொண்டுபோனது. ஒன்றையும் வெளியே விடவில்லை. மாவு புளித்துக்கொண்டிருந்தது. நான் முடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டதா என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரமும் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிட்டும்மா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டையும் நீயாய்யா சொன்ன?" என்றாள்.

"ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."